அந்த ஆடு குறுக்கே வரவே இல்லை

கண்ணு,

நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேலூரில் சௌக்கியமாகத்தான் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். வழக்கம்போல இன்லண்டு லெட்டரில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒட்டுவதற்கு விட்டிருக்கும் ஓரத்தில்கூட நுணுக்கி நுணுக்கி எழுதுகிறேன் என்று நீ கேலி செய்வாயே, இந்தத் தடவை அந்த ஓரமும் போதாது என்று தெரிந்துபோயிற்று. அதனால் கடைக்குப் போய்க் கோடு போட்ட முழுத்தாள் அரை டஜன் வாங்கி வந்தேன். டூட்டி முடிந்து, குளித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து இதைப் படி. சிக்னலில் நிற்கும்போதும், ரயில்வே கேட் மூடியிருக்கும்போதும் எடுத்துப் படித்தாய் என்று தெரிந்தால் வேலூருக்கே வந்து உதைப்பேன். ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்காதே, படித்தால் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், தை மாதம் அறுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. நாளெல்லாம் ரேடியோவைக் காதருகில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் தெருமுனைவரை நடந்துபோய் இரண்டு பேரிடம் வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்தால் ராஜாவாகத் தூங்குகிறார். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கிணற்றில் கையெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. மகன் அரசாங்க பஸ்ஸில் டிரைவர் என்று சொல்லிச் சொல்லி நம் தெருவில் என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார்கள். உன் பேட்ஜை முதல்நாள் அப்பா கையில் வாங்கித் துடைத்து, சட்டையில் அவரே குத்திவிட்டாரே, அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. இந்த வயதில் இவ்வளவு நிம்மதி எங்களுக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை திருப்புட்குழிக்குப் போயிருந்தேன். உன் சித்தி மகளுக்கு ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாமல் இருந்ததல்லவா, அந்தப் பெருமாள் கோயிலில் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தாள், காலையில் முளைவிட்டிருந்தது, இப்போது ஐந்தாம் மாதம். வேண்டிக்கொண்டவள் நான், செலுத்த வேண்டியவளும் நான். செலுத்திவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றபோது வேலூரிலிருந்து நம் ஊருக்குப் போகிற பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் ஏறி, பூக்கூடைக்காரி ஒருத்தி பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், டிரைவர் சீட்டில் இருந்தது நீ! உன் பிடரியை எனக்குத் தெரியாதா? யாருக்கோ பதிலாக அன்றைக்கு இந்த ரூட்டில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நான் இருப்பது தெரியாமல் நீ ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பூக்கூடைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு, புது மாப்பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்க்கிற பெண்ணைப்போல உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினாய். ஸ்டாப்பில் கிழவர் ஒருவர் ஏறி உட்காரும்வரை காத்திருந்தாய், மாட்டு வண்டியைத் தாண்டும்போது மாடு மிரளாமல் தள்ளிப்போனாய். குறை இல்லாமல் இல்லை. கண்டக்டரோடு சினிமாக் கதை பேசிக்கொண்டு, சிரிப்பு வந்தபோதெல்லாம் முழுத் தலையையும் அவர் பக்கம் திருப்பினாய். எதிரே இருக்கிற கண்ணாடி பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதற்காக வைத்தது. அதில் நீ மூன்று தடவை மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டதை நான் எண்ணினேன். பெற்றவளுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வரும்போது காதைத் திருகிக்கொள்ளலாம் என்று விட்டேன். கீழம்பி தாண்டியதும் பனைமரங்களுக்கு மேலே ஏகாம்பரநாதர் கோபுரம் தலைகாட்டியது. பஸ்ஸில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், நீயும் கும்பிட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, தலைக்கு மேலே குவித்து. கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது, கண் மூடியிருந்தது. அப்புறம் நிதானமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன். அந்த நான்கும் எண்ணி முடிகிறவரை அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அந்த பஸ் தன்னந்தனியாகப் போனது. இடது ஓரத்தில் சைக்கிளில் ஒருவர் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

முன்சீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, இந்தக் காலத்துப் பையனுக்கு இவ்வளவு பக்தியா என்று எல்லோரிடமும் சொல்லி வியந்தார். பூக்கூடைக்காரி ஆமாம் என்றாள். பஸ்ஸே உன்னை மெச்சியது. ஒன்றும் நடக்கவில்லை, சைக்கிள்காரர் அவர் பாட்டுக்குப் போனார், நீ உன் பாட்டுக்கு ஓட்டினாய். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பாவுக்கும் நான்கு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நீ டீ குடிக்கப் போனதைப் பார்த்தும், உன்னிடம் வராமல் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் வந்திருந்தால் அழுதிருப்பேன். பத்துப் பேர் நடுவே யூனிபார்ம் போட்ட பிள்ளையைத் திட்டவும் மனம் வராது. அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் பழக்கம் உனக்கு அப்பாவிடமிருந்து வந்ததென்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதானே. ஆனால் அவருக்கு அதைப் பழக்கியவள் நான். அவர் சொந்தமாக பிளஷர் கார் எடுத்து வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்த காலத்தில், சாமி விஷயத்தில் பெரிய சோம்பேறி. கோயில் வாசலைத் தாண்டும்போதுகூட ஹாரனைத்தான் அடிப்பாரே தவிர தலையைத் தாழ்த்த மாட்டார். எனக்கோ புது வண்டி, நான்கு சக்கரம், ஊரார் கண் வேறு. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கிய அன்றைக்கே அவரிடம் சத்தியம் வாங்கினேன், வழியில் எந்தக் கோபுரம் கண்ணில் பட்டாலும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட வேண்டும் என்று. ஒரு கையை நெஞ்சில் வைத்தால் போதாதா என்று கேட்டார். ஒரு கையால் கும்பிட நீங்கள் என்ன சாமிக்கு சலாம் போடுகிற சிப்பாயா என்றேன். "ஸ்டேரிங்க வுட்டுட்டா அத்த யாரு புட்சிக்குவாங்க?" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "சாமி புட்சிக்குவாரு" என்றேன்.

நம் ஊரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ஒரு கோபுரத்துக்குக் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால், அவர் மறந்துவிடப் போகிறார் என்று முழங்கையால் இடித்து இடித்து நினைவுபடுத்துவேன். நான்கே மாதத்தில் இடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று, கை தானாக மேலே போயிற்று. அதற்கு ஊரில் கிடைத்த பெயரைச் சொல்ல வேண்டும். முகூர்த்தப் புடவை எடுக்க மெட்ராஸிலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிற கல்யாண வீட்டார் உன் அப்பாவின் வண்டிதான் வேண்டும் என்று காத்திருந்து ஏறுவார்கள். கோபுரத்துக்குக் கோபுரம் கையெடுக்கிற டிரைவர், ராசியான வண்டி, இதில் போய் எடுத்த புடவை பெண்ணுக்கு நிலைக்கும் என்று பேச்சு. அவர் கையை எடுக்கும்போது பின்சீட்டில் இருக்கும் பெண்களும் கையெடுப்பார்கள், வண்டிக்குள் ஒருவர்கூட ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்து அப்போது நான் பெருமைப்பட்டேன், போதுமா?

இப்போது ஆட்டுக்கு வருகிறேன். உனக்கு ஆறு வயது. நம் தெருவில் தறி நெய்துகொண்டிருந்த கன்னியம்மா அத்தை கை ஒடிந்தது எப்படி என்று யார் கேட்டாலும் நீ ஒரு கதை சொல்வாய். கறுப்பு ஆடு ஒன்று குறுக்கே ஓடியது, அதைக் காப்பாற்ற அப்பா வண்டியை ஒடித்துத் திருப்பினார், தெருவில் நெசவுப் பாவு கட்டியிருந்த கட்டையில் வண்டி மோதியது, அத்தை கையில் அடிபட்டது. நீ அன்றைக்கு வண்டியின் பின்சீட்டில் இருந்தாய், அதனால் நீ சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அந்த ஆட்டுக்குக் கொம்பு வளைந்திருந்தது என்றுகூடச் சொல்வாய். கண்ணு, நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய். கொம்பும் இல்லை, குளம்பும் இல்லை. அந்த ஆடு குறுக்கே வரவே இல்லை.

நடந்தது இதுதான். ஓரிக்கையில் என் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன்னே நாம் மூவரும் வண்டியில் திரும்பி வந்தோம். நம் தெருவில் பாவு நீட்டியிருக்கும் நேரம் அது. ஒரு தறிக்கு வேண்டிய பட்டு இழை முழுவதையும் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரித்துச் சரிசெய்வார்கள். பாவு தெருவில் இருக்கும்போது எந்த வண்டியும் உள்ளே போகாது, அப்பாவும் முனை திரும்பியதும் நிறுத்திவிடுவார். அன்றைக்குப் பாவு நீளமானது, கடைசிக் கட்டையை முனைக்குப் பக்கத்திலேயே, வலது ஓரமாக நட்டிருந்தார்கள். கன்னியம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அந்தக் கட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பாதி திருப்பத்தில் ஏகாம்பரநாதர் கோபுரம் முழுசாகத் தெரியும் அல்லவா, அவர் பாவைப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், கோபுரத்தைக் கவனிக்கவில்லை. நான் விட்டேனா? முழங்கையால் இடித்து, கும்பிடுங்க என்றேன். அவர் இரண்டு கையையும் எடுத்தார். ஸ்டியரிங் தானாக நேராகிக்கொண்டது. வண்டி திரும்ப வேண்டிய அளவு திரும்பாமல் வலது பக்கம் போயிற்று. மனிதர் நடக்கிற வேகம்தான், அதற்குமேல் இல்லை. நானும் கண்ணை மூடியிருந்தேன். கட்டை முறிந்த சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

கன்னியம்மா தரையில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. இழைகள் அறுந்து வண்டியின் முன்பக்கமெல்லாம் அரக்கு நிறமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, யார் வீட்டுப் பெண்ணுக்கோ நெய்ய வேண்டிய கூரைப்புடவை. அவளைக் கட்டு கட்டுகிறவரிடம் அழைத்துக்கொண்டு போன பிறகு உன் அப்பா ரோட்டில் மண்டியிட்டு, பம்பரில் சிக்கிய இழையை ஒவ்வொன்றாக எடுத்தார். அறுந்த இழையை எடுத்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் எடுத்தார், எடுத்துக்கொண்டே அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நான் பக்கத்தில் நின்றேன். நான்தான் இடித்தேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லிக்காட்டவில்லை. நானாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். இழை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதுவும் தெரியாது என்றார்கள். மோதுவதற்குச் சற்று முன்னால் திரும்பிப் பார்த்தவள் கன்னியம்மா ஒருத்திதான். குவிந்த கையையும் மூடிய கண்ணையும் அவள் பார்த்திருந்தாள். கட்டுப் போட்ட கையோடு பெஞ்சில் படுத்திருந்தவளிடம் வந்தவர் கேட்டார். லைசென்ஸ் போகும், வண்டி போகும், அவர் உள்ளே போவார் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

"ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சுங்க. அத்த காப்பாத்தத் திருப்பிட்டாரு அண்ணன். அவரு மேல தப்பு இல்ல" என்றாள்.

என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆடு அப்படித்தான் பிறந்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் அதைப் பார்த்துவிட்டது, மறுநாள் நீயும் பார்த்துவிட்டாய். கன்னியம்மாவுக்கு நன்றி சொல்லக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். எங்களுக்காகப் பொய் சொன்னாயே என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முறைத்தாள்.

"உங்களுக்காகவா? ஏகாம்பரநாதரக் கும்பிட்டதால என் கை ஒடிஞ்சிபோச்சுன்னு ஊர்ல பேசணுமா அண்ணி? சாமிக்கு அந்தப் பேரு வாணாம்" என்றாள்.

சாமியின் பெயரைக் காப்பாற்ற அவள் ஒரு ஆட்டைக் கொண்டுவந்தாள். நான் என் தப்பையும் சேர்த்து அதன் முதுகில் ஏற்றிவிட்டு, பதினெட்டு வருஷமாக வெள்ளையும் சள்ளையுமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங்கை சாமி பிடித்துக்கொள்வார் என்று நான் சொன்னது பக்தியே இல்லை, கண்ணு, அது திமிர். செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு அதைச் சாமி தலையில் கட்டுகிறவளுக்கு வேறென்ன பெயர் சொல்வது?

கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு மடங்கவில்லை. புடவையின் உடலும் கரையும் தனித்தனி நிறமாக இருந்தால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும், கரை இழை சுற்றிய நாடாவைக் குறுக்கே எறிகிற கை தனியாக வேண்டும். அந்தக் கை நம் தெருவிலேயே அவளுடையதுதான் என்று எதிரிகூட ஒப்புக்கொள்வான். ஒரு மாதம் கழித்துத் தறியில் உட்கார்ந்து எறிந்து பார்த்தாள். நாடா பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கையால் எறிந்தாள், வரவில்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வந்தவள் அதற்குப்பிறகு தறியில் உட்காரவே இல்லை. அழுது புலம்பவும் இல்லை, அவள் ரகம் அப்படி. சாயக்காரரிடம் போய் நிறம் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது எந்த உடலுக்கு எந்தக் கரை என்று அவள் கைகாட்டினால்தான் கடைக்காரர்கள் நூல் நனைக்கிறார்கள், அவள் வாய்க்குப் பயப்படாத வியாபாரி நம் ஊரில் இல்லை. நன்றாக இருக்கிறாள், சந்தோஷமாகவும் இருக்கிறாள். அதைச் சொல்லி என்னை நான் தேற்றிக்கொள்வது வழக்கம். ஆனால் அவளைத் தறியிலிருந்து எழுப்பியது என் முழங்கை.

அப்பா மூன்று நாள் வண்டியைத் தொடவில்லை. நான்காம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீ பின்சீட்டில்தான் உட்கார வேண்டும், வண்டி ஓடும்போது என்னிடம் பேசக் கூடாது என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை, என் வாழ்க்கையில் அது ஒரு அதிசயம். அன்றிலிருந்து காலையில் முதல் சவாரிக்கு முன்னால் சன்னதித் தெருவில் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கண்ணை மூடி நிதானமாகக் கும்பிடுவார். முழு நாளைக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. அப்புறம் வண்டியில் உட்கார்ந்தால் சாமியே எதிரே வந்தாலும் கையை எடுக்க மாட்டார். கல்யாண வீட்டார் முகம் சுளித்தார்கள். இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது, கோபுரத்தைக் கண்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று பேசினார்கள். ராசியான வண்டி என்ற பெயர் போனது, சவாரி குறைந்தது. ஏன் இப்படி என்று யார் கேட்டும் அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் ஆடு செத்துவிடும் அல்லவா.

நீ ஒரு தடவை, ஏழாவது படிக்கும்போது, என்னிடம் வந்து அழுதாய். அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, வண்டியில் நான் ஏதாவது கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறார், நான் பேசிக்கொண்டே வருகிறேன், அவர் ம் மட்டும் கொட்டுகிறார் என்றாய். அப்பாவுக்கு வேலைக் களைப்பு என்று பூசி மெழுகி உன்னை அனுப்பினேன். உண்மை என்னவென்றால், உன் பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு வந்து, அதில் எதையும் விடாமல் என்னிடம் ஒப்பிப்பார். உன் வாத்தியார் பெயர், உன் சிநேகிதன் வீட்டு நாய் போட்ட குட்டி எத்தனை, எல்லாம். காது உன்னிடம்தான் இருந்தது, தலையைத்தான் திருப்பவில்லை. அந்த வயதில் உனக்கு அது புரிந்திருக்காது. இப்போது அறுபது பேரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய், புரியும் என்று நினைக்கிறேன்.

நான் உனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தரவில்லை, கியர் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கெடுக்க மட்டும்தான் தெரியும், அதில் நான் தேர்ந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உன் பக்கத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும் உன்மேல் பிரியமானவர்களாகத்தான் இருப்பார்கள். கண்டக்டர் நல்லவர்தான், கதையை டீக்கடையில் வைத்துக்கொள்ளச் சொல். பிரைவேட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தினால் உனக்கு ரோஷம் வரும், நம் வீட்டு ரத்தம், வந்தே தீரும். வரட்டும், கால் மட்டும் அதற்கு இணங்கக் கூடாது. நாளைக்குக் கல்யாணமாகி ஒருத்தி வருவாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, என்னைப்போலவே தோளைத் தட்டித் தட்டிப் பேசுவாள், முகத்தைத் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வாள். ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, கோபம் தீருகிறவரை பேசிவிட்டு, அப்புறம் கிளம்பு. பஸ்ஸிலேயே உன்னைப் பெரிய பக்திமான் என்று மெச்சினார்களே, அந்த மெச்சல்தான் இதிலெல்லாம் பெரிய ஆபத்து. உன் அப்பா அதற்கு நான்கு வருஷம் மயங்கிக் கிடந்தார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். உனக்குத் தெரியவே கூடாது என்று அன்றைக்கு என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார், பிள்ளை தன்னை மதிக்காமல் போய்விடுவான் என்ற பயம். பஸ்ஸில் நான் பார்த்ததைச் சொன்னேன். ரேடியோவை அணைத்தார். பிறகு, "எழுது. ஆட்ட வுட்றாதே" என்றார். இப்போது எதிரே உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, நான் எத்தனையாவது தாளில் இருக்கிறேன் என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ ஊருக்கு வரும்போது அவரிடம் இதைப்பற்றி எதுவும் கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, போதும்.

கன்னியம்மாவிடமும் கேட்க வேண்டியிருந்தது, ஆடு அவளுடையது. நேற்று காலையில் போனேன். சாயத்துக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்தவள் நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். நானும் முதல்தடவையாக, அன்றைக்கு அவரை இடித்துக் கும்பிடச் சொன்னவள் நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அது தெரியும் என்றாள். திரும்பிப் பார்த்தபோது என் முழங்கையையும் பார்த்தாளாம். பதினெட்டு வருஷம் தெரிந்துகொண்டே நம் வீட்டில் மோர் குடித்திருக்கிறாள், உனக்குத் தலைவாரி விட்டிருக்கிறாள். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அவள் தன் வேலையை நிறுத்தவில்லை. அழுது முடித்த பிறகுதான் பேசினாள்.

"எழுதுங்க அண்ணி, புள்ளைக்குத் தெரியட்டும். அவன் ஓட்டற பஸ்ஸு எப்ப இந்தப் பக்கம் வருதுன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள்.

எதற்கு என்றேன். வேலூரில் இருக்கும் அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்த பஸ்ஸில் வருகிறேன் என்றாள். நீ கவனித்திருக்கிறாயோ இல்லையோ, அன்றைக்குப் பிறகு நம் வீட்டு ஆள் ஓட்டுகிற எந்த வண்டியிலும் அவள் ஏறியதில்லை. மகள் கல்யாணத்துக்கு அப்பா வண்டியை அனுப்பினார், பெண்ணை அதில் ஏற்றிவிட்டு அவள் ஜட்கா வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். யாரும் காரணம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது அவளாக வருகிறேன் என்கிறாள்.

ஆகவே உன் டூட்டி நாளையும் நேரத்தையும் விசாரித்து உடனே எழுது. பெண்கள் சீட்டில் முதல் வரிசையில், உனக்கு நேர் பின்னால் உட்காருவாள். அத்தை என்று கூப்பிடத் திரும்பாதே, ஏறும்போதே சிரித்துவிடு. கீழம்பி தாண்டியதும் கோபுரம் தெரியும். பஸ்ஸில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கோபுரத்தைப் பார்ப்பார்கள். அவள் உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மா